இலங்கையின் கற்பிட்டியில் சுழல் டொல்பின் பார்க்க வருகிறவர்களுக்கு

விடிய ஆறரைக்கே வள்ளம் ஏறுங்கள். பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பிவிட்டால், நுரைக்கு நடுவில் முதுகுத் துடுப்பைக் கண்டுபிடிப்பது பெரும் பாடு. நவம்பர் முதல் மார்ச் வரைதான் எங்கள் கடல் படுத்துக் கிடக்கும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கிய பிறகு எவ்வளவு தந்தாலும் நான் வர மாட்டேன்.

எல்லோரும் பாய்ச்சலைத்தான் தேடுவார்கள். நீங்கள் தூரத்தில் தண்ணீர் பொரிகிற இடத்தைத் தேடுங்கள். அங்கேதான் கூட்டம், சில நாள் நூறு, சில நாள் ஆயிரத்துக்கும் மேல். கிட்டே வந்ததும் நிறத்தைப் பாருங்கள்: முதுகு கருஞ்சாம்பல், விலா இளஞ்சாம்பல், வயிறு வெள்ளை. மூக்கு ஒல்லியாக நீண்டிருக்கும். ஆள் 2 மீற்றர் அளவுதான். உடம்பு பருத்து, மூக்கு குட்டையாக இருந்தால் அது போத்தல்மூக்கன், வேறு சாதி.

சுழற்சி தண்ணீருக்குள்ளேயே தொடங்கிவிடும். உடம்பை முறுக்கிக்கொண்டே மேலே வந்து, ஒரே பாய்ச்சலில் 7 சுற்று வரை சுற்றும். ஒட்டுமீனை உதறத்தான் என்பார்கள் சிலர். விழும் சத்தத்தால் மற்றவற்றுக்குச் சேதி சொல்கிறது என்பார்கள் வேறு சிலர். இரண்டுமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இரவு முழுக்க 200, 300 மீற்றர் ஆழம் வரை இறங்கிச் சிறுமீனும் கணவாயும் பிடிக்கிற சீவன் இது. பகலில்தான் ஓய்வு. பாய்ச்சல் நின்று, எல்லாம் நெருங்கி மெதுவாக நீந்தினால் தூங்குகிறது என்று அர்த்தம். விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். ஹவாய்க் கரையோரத்தில் 2021 முதல் இவற்றை 45 மீற்றருக்குள் நெருங்கவே தடை.

நான் வள்ளம் ஓட்டத் தொடங்கிய முதல் வருடம் எனக்கு இது தெரியாது. வந்தவர்கள் நல்ல படம் எடுக்கட்டும் என்று கூட்டத்தை நடுவால் கிழித்துக்கொண்டு போனேன். தாயின் விலாவோடு ஒட்டி நீந்திய குட்டிகூடச் சட்டென்று அமிழ்ந்தது. அரை மணி நேரம் வெறும் தண்ணீர். வள்ளத்தில் ஒருவரும் என்னோடு பேசவில்லை.

அதனால் ஓட்டுபவர் குறுக்கே போகப் பார்த்தால் நீங்களே சொல்லுங்கள்: "அண்ணே, பக்கத்தாலேயே ஓட்டுங்க." ஒரே வேகத்தில் போனால் அவையே வள்ளத்தின் முன்முனையான அணியத்துக்கு முன்னால் அலை சறுக்க வரும். அப்புறம் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, வள்ளத்தின் அடித்தளத்தில் காதை வைத்துப் பாருங்கள். சன்னமாக விசில் கேட்கும்.