பொன்னுருக்கலுக்கு முன்பே தொடங்கும் கோப்பு: வன்னியிலிருந்து கனடாவிலுள்ள துணையிடம் செல்வோருக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கனடாச் சம்பந்தம் ஒன்று பேசப்படும் வீட்டில் சாதகப் பொருத்தத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். துணையைக் கனடாவுக்கு அழைக்கப்போகிறவருக்கு (ஸ்பொன்சர்) சட்டப்படி அழைக்கும் தகுதி உண்டா என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. அவர் 18 வயது நிறைந்த கனடியக் குடிமகனாகவோ நிரந்தர வதிவுரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். நிரந்தர வதிவுரிமை மட்டும் உள்ளவர் கனடாவிலேயே வசித்தபடிதான் விண்ணப்பிக்கலாம். முன்னைய வாழ்க்கைத்துணை ஒருவரால் அழைக்கப்பட்டுச் சென்றவர், வதிவுரிமை பெற்ற நாளிலிருந்து 5 ஆண்டுகள் கழியும்வரை புதிய துணையை அழைக்க முடியாது. துணையை மட்டும் அழைப்பவருக்குக் குறைந்தபட்ச வருமானம் எனப் பொதுவாக ஒரு தொகை விதிக்கப்படுவதில்லை. ஆனால் 3 ஆண்டுகளுக்கு உங்கள் அடிப்படைச் செலவுகளைப் பொறுப்பேற்பதாக அவர் கையொப்பமிட வேண்டும்.

அவர் அகதியாகச் சென்றவரா என்பதைக் கூச்சமின்றிக் கேளுங்கள். இலங்கையில் ஆபத்து எனக் கூறிப் பாதுகாப்புப் பெற்றவர், குடியுரிமை எடுக்கும் முன் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலோ அதனுடன் ஊருக்கு வந்து போனாலோ, 2012 டிசம்பர் முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி அகதி நிலையுடன் வதிவுரிமையையும் இழக்க நேரலாம். எங்கள் பக்கத்துக் கலியாணங்கள் பல திருச்சியிலும் சென்னையிலும் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படி வேற்று நாட்டில் தாலி கட்டுவதானால், அந்த நாட்டுச் சட்டப்படி பதிவு செய்வதற்கு எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதை மண்டபம் பிடிப்பதற்கு முன்பே அறிந்துகொள்ளுங்கள்.

நிச்சயதார்த்தத்தை வைத்து அழைப்பதற்குக் கனடாவில் தனி வீசா இல்லை. கோவிலில் நடந்த சடங்குக்கு உறவினர் அனைவரும் சாட்சியாக இருந்தாலும் விவாகப் பதிவாளர் வழங்கும் சான்றிதழே விண்ணப்பக் கோப்பில் பேசும். மாப்பிள்ளை தொலைபேசியிலோ காணொளியிலோ தோன்ற, பெண் இங்கே தனியாகக் கையொப்பமிடும் திருமணத்தை, 2015 ஜூன் முதல் கனடா இந்தத் தேவைக்கு ஏற்பதில்லை. இருவரும் ஒரே இடத்தில் நேரில் நின்றாக வேண்டும்.

அடுத்தது பெயர். வன்னிக் கோப்புகள் அதிகமாகத் தடக்கி நிற்கும் இடம் இதுதான் என்பேன். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டலும், பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்றும், கடவுச்சீட்டில் மூன்றாவதும் இருக்கும். தகப்பனின் பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும் இன்னோரிடத்தில் முதலெழுத்தாகவும் நிற்கும். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்து, 2009இற்குப் பின் அவசரமாக மீளப் பெற்றவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். ஆகவே பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் புதிதாக எடுத்து, சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே பயன்படுத்தும்படி கேளுங்கள். தீர்க்க முடியாத வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து, அதையும் மொழிபெயர்ப்புடன் இணையுங்கள். விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போது கணவரின் பெயரைச் சேர்த்துக் கடவுச்சீட்டை மாற்றும் ஆசையை ஒத்திவைப்பது நல்லது.

கோப்பின் உயிர் ஐ.எம்.எம். 5532 என்னும் உறவு விபரப் படிவத்தில் இருக்கிறது. திருமணம் உண்மையானதல்ல என்றோ, வதிவுரிமை பெறுவதே அதன் முதன்மை நோக்கம் என்றோ அதிகாரி கருதினால், இவ்விரண்டில் ஒன்று மட்டுமே மறுப்புக்குப் போதுமானது. பேசிச் செய்த கலியாணம் குற்றமல்ல. அதைக் காதல் கலியாணமாக அலங்கரிப்பதுதான் வினையாகிறது. எந்த மாமி சம்பந்தத்தைக் கொண்டுவந்தார், சாதகக் குறிப்பு எப்போது பார்க்கப்பட்டது, முதன்முதலில் எந்த மாதம் பேசினீர்கள், அவர் ஏன் 9 நாட்கள் மட்டும் நின்று திரும்பினார் என்பவற்றை நடந்தபடியே எழுதுங்கள். பொன்னுருக்கல், கூறை மாற்றல், விருந்து ஆகியவற்றின் படங்களில் இரு வீட்டாரும் தெரியட்டும். மாமனார் வராதிருந்தால் வராத காரணத்தையும் எழுதுங்கள். அழைப்பிதழ், விமானச் சீட்டு, கடவுச்சீட்டு முத்திரை, பணம் அனுப்பிய வங்கித் துண்டு, மாதத்துக்குச் சில என்ற அளவில் வட்ஸ்அப் உரையாடல்கள் ஆகியவை போதும். ஆயிரம் பக்க உரையாடலைத் திணிப்பதால் யாருக்கும் பயனில்லை.

பின்னணி விபரப் படிவத்தில், கடந்த 10 ஆண்டுகளில் வாழ்ந்த முகவரிகளையும் செய்த வேலைகளையும் ஒரு மாதமும் இடைவெளி விடாமல் எழுத வேண்டும். வேலையின்றி வீட்டிலிருந்த காலத்தையும் அப்படியே குறிப்பிடலாம். அமைப்புகளில் இருந்தீர்களா என்ற கேள்வி எங்கள் மண்ணில் எளிதானதல்ல. கனடா 2006இல் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களும் புனர்வாழ்வு பெற்றவர்களும் படிவத்தை நிரப்பும் முன் கனடியக் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் பேசியே ஆக வேண்டும். பொய் பிடிபட்டால் 5 ஆண்டுகள் நுழைவுத் தடை விழும். முகவர் தானாக எழுதிவிட்டார் என்ற விளக்கம் எடுபடுவது அரிது; எனவே அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே வாசியுங்கள். ஆலோசகருக்குக் காசு கொடுப்பதானால், குடிவரவு ஆலோசகர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பின் பகிரங்கப் பதிவேட்டில் அவரது பெயரைத் தேடிப் பாருங்கள்.

மிகுதி அலைச்சல்தான். பொலிஸ் நற்சான்றிதழுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். மலேசியாவிலோ கட்டாரிலோ இந்திய முகாமிலோ தொடர்ச்சியாக 6 மாதங்களோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்நாட்டுச் சான்றிதழும் தேவைப்படலாம். கைவிரல் அடையாளத்துக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அறிவித்தல் கடிதம் வந்த பிறகே புறப்படுங்கள்; பரிசோதனையைக் கனடியக் குடிவரவுத் துறை அங்கீகரித்த மருத்துவரிடமே செய்ய வேண்டும்.

மறுப்புக் கடிதம் வந்தால் அழைத்தவர் 30 நாட்களுக்குள் கனடாவில் மேன்முறையீடு செய்யலாம். வீசா வந்தால், பயணச்சீட்டு எடுக்கும் முன் அதன் முடிவுத் திகதியைப் பாருங்கள். அது பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனையின் ஓராண்டை ஒட்டியே இருக்கும். காத்திருந்த காலத்தில் குழந்தை பிறந்திருந்தால், விமானம் ஏறும் முன்பே அதைக் குடிவரவுத் துறைக்கு அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காமல் போய் இறங்கிய தாய், அந்தப் பிள்ளையைக் குடும்ப முறையில் பின்னர் அழைக்க முடியாத நிலைக்குத் தள்ளப்படலாம்.