ஸ்கேஃபாய்ட் எலும்பு கூடாமல் நிற்கும்போது செய்யக்கூடாதவை

மாவுக்கட்டு கழற்றிய மறுநாளே நோயாளி கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து "நல்லா அமுக்குங்க" என்று சொல்லும் புதிய பிசியோக்களைப் பார்க்கிறேன். நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்ததுதான். கட்டை நனைக்காதே, கையைத் தொங்கப்போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கிற ஸ்கேஃபாய்ட் முறிந்து, மாதக்கணக்கில் கூடாமல் நிற்பதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

வலி போனதும் எலும்பு கூடிவிட்டது என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைப்பது இதுதான்.

ஸ்கேஃபாய்ட் முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்த சின்ன எலும்பு. மேற்பரப்பில் பெரும்பகுதி குருத்தெலும்பு மூடியிருப்பதால் ரத்தக்குழாய் நுழைய இடமே குறைவு. முக்கியமான குழாய் விரல் பக்கமாக உள்ளே போய் அங்கிருந்து முன்கையை நோக்கித் திரும்பி ஓடுகிறது. எலும்பு நடுவில் உடைந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் குறைந்துபோகும், சிலருக்கு அந்தத் துண்டு செத்தே போகும். போதாததற்கு மூட்டுத் திரவம் வேறு முறிவுக்குள் இறங்கும். நடுவில் முறிந்தால் எலும்பு ஒட்டிச் சேர்வதற்கே 2 முதல் 3 மாதம் ஆகலாம், முன்கைப் பக்க முனையில் என்றால் அதற்கும் மேலே. ஆனால் வலி மட்டும் சில வாரத்திலேயே அடங்கிவிடும், ஏனென்றால் கை அசையாமல் இருக்கிறது, இடைவெளியில் நார்த்திசுவும் வளர்ந்து துண்டுகளைச் சுமாராகப் பிடித்துக்கொள்கிறது.

வாலிபால் ஆடும் ஒரு பையன் வந்தான். வலி இல்லை என்று கட்டைக் கழற்றியவன், மறுபடி காட்ட வரச் சொன்ன நாளில் போகவே இல்லை. அடுத்த வருடம் தண்டால் எடுக்கும்போது மட்டும் மணிக்கட்டுக்குள் குத்துகிறது என்றான். சிடி ஸ்கேனில் முறிவின் இரண்டு ஓரமும் மழமழவென்று வெளுத்து, நடுவில் சின்னச் சின்னக் குழிகள். அப்படி ஆன எலும்பு தானாகக் கூடுவதை எதிர்பார்க்க முடியாது. இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்து, ஸ்க்ரூ போட்டு, மறுபடி முதலிலிருந்து காத்திருப்பு. அன்றைக்கே ஒரு சிடி எடுத்துப் பார்த்திருந்தால் இன்னும் சில வாரம் கட்டோடு முடிந்திருக்க வாய்ப்பு அதிகம்!

இதையும் கவனிக்காமல் விட்டால், சில வருடங்களில் முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கிற ஆர எலும்பின் நுனியும் ஸ்கேஃபாய்டும் உரசும் இடத்தில் தேய்மானம் ஆரம்பித்து மணிக்கட்டின் நடு வரைக்கும் பரவும். அதற்கப்புறம் முறிவை ஒட்டவைத்துப் பிரயோஜனம் குறைவு, சில எலும்புகளை எடுத்துவிடுவது அல்லது ஒன்றோடொன்று சேர்த்து இறுக்குவது என்று பேச்சு போய்விடும். அதனால் அழுத்தினால் வலிக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக் கட்டைக் கழற்றாதீர்கள். சாதா எக்ஸ்ரேயிலும் கூடினதுபோலத் தெரிந்து ஏமாற்றும். சந்தேகம் இருந்தால் சிடிதான், அதுவும் ஸ்கேஃபாய்டின் நீளவாக்கில் எடுத்தது.

முதல் எக்ஸ்ரேயை முடிவாக நம்புவது

விழுந்த அன்று எடுத்த படத்தில் முறிவு தெரியாமல் போவது சகஜம். கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில் ஒரு பள்ளம் விழும், அங்கே அழுத்தி வலித்தால் சுளுக்கு என்று அனுப்பாமல் கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும். வசதி இருந்தால் உடனே எம்ஆர்ஐ.

சிகரெட்

நிறுத்துங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் எலும்பு கூடாமல் போக இது ஒரு பெரிய காரணம்.

ரப்பர் பந்து

ஸ்கேனில் கூடியது தெரியும்வரை வேண்டாம். விரல்கள், முழங்கை, தோள்பட்டை தாராளமாக அசையட்டும்.

ஸ்க்ரூ போட்டாச்சு, இனிக் கவலையில்லை

ஸ்க்ரூ துண்டுகளை அசையாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். கூட வேண்டியது எலும்பு. ஆபரேஷனுக்கு முன்னாலேயே டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: முன்கைப் பக்கத் துண்டில் ரத்த ஓட்டம் இருக்கிறதா, எலும்பு முறிந்த இடத்தில் மடங்கிக் கூனிவிட்டதா, தேய்மானம் ஆரம்பித்துவிட்டதா. கூனியிருந்தால் ஆப்பு மாதிரி எலும்பை வைத்து நிமிர்த்த வேண்டியிருக்கும், ரத்தம் இல்லையென்றால் ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்த எலும்பை வைப்பதைப் பற்றி யோசிப்பார்கள், தேய்மானம் முற்றியிருந்தால் ஒட்டவைக்கும் ஆபரேஷனே உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.