ஒன்றாகப் பொரித்த குஞ்சுகள் ஒன்றுபோல் வளராதபோது

ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை ஒரே அடைப்பில் விட்டு ஒரே தீவனத்தைக் கொடுத்து வந்தாலும், மூன்றாம் வாரத்தில் ஒன்று முதுகெல்லாம் இறகு மூடி நிற்கும்; பக்கத்தில் நிற்கும் இன்னொன்றோ தோள்களுக்கு நடுவே வெற்றுத் தோல் தெரிய, கலைந்த தூவியோடு காணப்படும். புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் இதைப் பார்த்ததும் நோய் என்று அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் அது நோயன்று. ஆனால் அந்த இரண்டு குஞ்சுகளுக்கும் வேண்டிய வெப்பம் ஒன்றல்ல என்பதை மறந்துவிட்டால், நலமாக இருந்த குஞ்சையும் நாமே நோயில் தள்ளிவிடுவோம்.

இந்த வேறுபாட்டிற்கு முதற்காரணம் இனம். லெக்ஹார்ன் போன்ற உடல் இலேசான இனங்கள் விரைவில் இறகு விடும். கொச்சின், பிரம்மா போன்ற கனத்த இனங்கள் நாளெடுத்துக்கொள்ளும். அடுத்தது மரபணு. இறகு முளைப்பதைத் தாமதப்படுத்தும் ஓங்கு மரபணு (ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படுவது) ஒன்று, ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் குரோமோசோமான இசட்டில் (Z) அமைந்துள்ளது. பெட்டைக்குஞ்சு தன் ஒரே இசட் குரோமோசோமைத் தந்தையிடமிருந்தே பெறுவதாலும், சேவல் குஞ்சு தாயிடமிருந்தும் ஒன்றைப் பெறுவதாலும், விரைவில் இறகு விடும் சேவலையும் தாமதமாக இறகு விடும் பெட்டையையும் இணைத்தால், பிறக்கும் பெட்டைகள் விரைவாகவும் சேவல்கள் மெதுவாகவும் இறகு விடும். அத்தகைய குஞ்சின் சிறகைப் பொரித்த முதல் நாளில் விரல் நுனியால் மெல்ல விரித்துப் பாருங்கள். சிறகின் ஓரத்தில் இரண்டு வரிசையாக இறகுக் குருத்துகள் இருக்கும். கீழ்வரிசை மேல்வரிசையைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் சேவல். ஓரிரு நாளில் இந்த அடையாளம் மங்கிவிடும். இப்படித் திட்டமிட்டு இணைக்காத குஞ்சுகளில் சிறகை வைத்துப் பால் பிரிப்பது வெறும் ஊகமே ஆகும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, முதல் வாரம் குஞ்சுகளின் முதுகு உயரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வைத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துவர வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் அது வாரத்தை எண்ணுகிறதே தவிர, இறகைப் பார்ப்பதில்லை. பல வேக வளர்ச்சியுள்ள கூட்டத்தில், மிகக் குறைவாக இறகு மூடிய குஞ்சு எதுவோ அதுவே அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒருமுறை, நான்காம் வார முடிவில் பெரும்பாலான குஞ்சுகள் இறகு மூடிவிட்டன என்று நான் வெப்பம் தரும் விளக்கை அணைத்துவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் எல்லாம் ஒரே மூலையில் குவிந்து கிடந்தன. அடியில் நசுங்கி இறந்திருந்த இரண்டும் முதுகில் இறகு முளைக்காதவை. குளிர்ந்தவை நடுவே புகுந்தன, மற்றவை மேலே ஏறின.

ஆகவே விளக்கை நடுவில் தொங்கவிடாமல் அடைப்பின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டு, மறுபக்கத்தைக் குளுமையாக விட்டுவிடுங்கள். தனக்கு வேண்டிய இடத்தைக் குஞ்சே தேடிக்கொள்ளும். எல்லாம் விளக்கடியில் நெருக்கியடித்துக் கீச்சிட்டால் வெப்பம் போதவில்லை. எல்லாம் சுவரோரம் ஒதுங்கி, சிறகைத் தொங்கவிட்டு வாய்திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி. இறகு மூடியவை தள்ளிப் படுக்க, மூடாதவை அருகில் படுத்திருந்தால் அடைப்பு சரியாக இருக்கிறது. சிறகிலும் வாலிலும் முதலில் இறகு வரும், தோளும் மார்பும் அடுத்து மூடும், முதுகும் தலையும் கடைசியாக நிறையும் என்பதால், சிறகை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. குஞ்சைக் கையிலெடுத்து முதுகில் மெல்ல ஊதிப் பாருங்கள். தோல் பளிச்சென்று தெரிந்தால் அதற்கு இரவில் இன்னும் விளக்கு வேண்டும்.

இறகின் பெரும்பகுதி புரதம். கந்தகம் கொண்ட மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள் குறைந்தால் இறகு தாமதமாகவும் ஒழுங்கின்றியும் முளைக்கும். முட்டையின வகைக் குஞ்சுகளுக்கு 18 முதல் 20 விழுக்காடு புரதமுள்ள குஞ்சுத் தீவனம் போதும். தானியக் குருணையை மட்டுமே போட்டு வளர்த்தால் தாமதத்துக்குப் பரம்பரையைக் குறை சொல்ல முடியாது. முட்டையிடும் கோழிகளுக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இறைச்சி இனத்தையும் முட்டை இனத்தையும் கலந்து வளர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆறு வாரத்தில் முன்னது 2 கிலோவைத் தாண்டிவிடும், பின்னது அரைக் கிலோ அளவில்தான் நிற்கும். ஒரே இனத்திலும் சிறியவை பின்தங்காமலிருக்கத் தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் இரண்டிரண்டு இடங்களில் வைப்பது நல்லது.

புதிதாக முளைக்கும் இறகுக் குருத்துக்குள் இரத்தம் ஓடுகிறது. அதை இன்னொரு குஞ்சு கொத்திவிட்டால் சிவப்பைக் கண்டு மற்றவையும் கொத்தத் தொடங்கும். மெதுவாக இறகு விடும் குஞ்சின் வெற்று முதுகுதான் முதல் இலக்கு. நெருக்கத்தையும் கண்கூசும் வெளிச்சத்தையும் குறையுங்கள். சிவப்பு விளக்கு உதவும். காயம்பட்டதை உடனே பிரித்துவிட வேண்டும்.

மெதுவாக வளர்வதையும் சவலையையும் பிரித்தறிய ஒரு தராசு போதும். வாரந்தோறும் ஒரே நேரத்தில் எடை போட்டு, காலில் கட்டிய நூலின் நிறத்தோடு குறித்து வையுங்கள். பக்கத்துக் குஞ்சோடு ஒப்பிட வேண்டாம், அதன் சென்ற வார எடையோடு ஒப்பிடுங்கள். எடை ஏறிக்கொண்டே இருந்து, கழுத்தடியில் உள்ள இரைப்பை நிறைந்து, கண் தெளிவாக இருந்தால் இறகு தானாக வரும். எடை நின்றுவிட்டாலோ, உடலைக் குறுக்கிக்கொண்டு கண்மூடி நின்றாலோ, எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ காத்திருக்க நேரமில்லை. குறிப்பாக, ஈரமான கூளத்தில் வளரும் மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை இரத்தக் கழிச்சல் எளிதில் தாக்குவதால், கூளத்தை மாற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரை அன்றே அணுகுங்கள்.

பிரித்து வைத்த குஞ்சைத் தனியாக வெகுநாள் விடாதீர்கள். கூட்டத்தின் கண்ணில் படும்படி கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால் வைத்து, ஊதிப் பார்த்தால் முதுகில் தோல் தெரியாத நிலை வந்தபின், மற்றவை உறங்கும் அந்தி நேரத்தில் உள்ளே விட்டு, மறுநாள் காலையில் அவை தீவனத்துக்கு எழும்போது அருகிலிருந்து கவனியுங்கள்.