உடைந்த ஒரு பாகத்தோடு பட்டறைக்கு வாருங்கள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ஓட்டும் ஒரு சிஎன்சி லேத், துளையும் தளமும் வெட்டும் ஒரு விஎம்சி மிஷின், பழைய லேத் இரண்டு. வருடம் தவறாமல் டிசம்பர் வாக்கில் வேலூர், காட்பாடி பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து மெக்கானிக்கல் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். “சார், ப்ராஜெக்ட் பண்ணணும், ஏதாவது டாபிக் சொல்லுங்க” என்பார்கள். டாபிக் என்னிடம் இல்லை. அது கிடைக்கும் இடத்தைச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் டேனரிகள் எத்தனை! அங்கே ஓடும் மிஷின்களில் பல வெளிநாட்டில் செய்தவை, வயதானவை. ஒரு பாகம் உடைந்தால் ட்ராயிங் இருக்காது, ஸ்பேர் வர மாதக்கணக்கில் ஆகும். மெயின்டனன்ஸ் பார்ப்பவரிடம் போய், “அண்ணா, அடிக்கடி போகிற பாகம் எது?” என்று கேளுங்கள். கல்லூரிக் கடிதம் கையில் இருக்கட்டும். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் போகாதீர்கள், யாருக்கும் பேச நேரம் இருக்காது. ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போதே போய்விடுங்கள். டிசம்பரில் தொடங்கினால் மார்ச்சில் அழுகைதான்.

போன வருடம் நான்கு பேர் அப்படிக் கொண்டுவந்தது ஒரு பேரிங் ஹவுசிங், அதாவது பேரிங் உட்காரும் கூடு. ஃப்ளெஷிங் மிஷினுடையது. சுண்ணாம்பில் ஊறிய தோலின் உள்பக்கத்துச் சதையைச் சுருள் பிளேடு உருளை வழித்தெடுக்கும். அந்த உருளையின் ஒரு முனையைத் தாங்கும் ஹவுசிங் விரிசல் விட்டிருந்தது. அளந்து ட்ராயிங்கும் போட்டு வந்திருந்தார்கள். துளையின் அளவு 100.34 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது. அளந்ததில் தப்பில்லை. ஆனால் அது தேய்ந்த துளை. தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுத்தால் புதுப் பாகம் முதல் நாளே ஆடும்.

“உள்ளே இருந்த பேரிங் நம்பர் என்னம்மா?” என்று கேட்டேன். நால்வரில் ஒரு பெண் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து 6211 என்றாள். கடைசி இரண்டு இலக்கம் 11. ஐந்தால் பெருக்கினால் 55, அது ஷாஃப்ட் விட்டம். பேரிங்கின் வெளிவிட்டம் 100, அகலம் 21. அப்படியானால் துளை 100 எச்7; எச்7 என்பது அளவு எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் குறி. அதாவது 100.000-க்குக் குறையக் கூடாது, 100.035-ஐத் தாண்டக் கூடாது. பாகத்தை அளப்பதற்கு முன்னால் அதோடு சேர்ந்து ஓடுகிற பாகத்தைப் பாருங்கள். செய்தவன் நினைத்த அளவு அங்கே இருக்கும்.

அடித்தளத்திலிருந்து துளை மையம் வரை உள்ள உயரத்துக்கு இன்னொரு வழி. உருளைக்கு இரண்டு முனை உண்டே! மறுமுனையில் உடையாமல் இருந்த ஹவுசிங்கை அளக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இரண்டு பக்கமும் ஒரே உயரம் இல்லாவிட்டால் உருளை சாய்ந்து, தோலை ஒரு பக்கம் மட்டும் வழிக்கும்.

ட்ராயிங் முடிந்ததும் உடனே இரும்பை வெட்டாதீர்கள். கல்லூரி லேபில் 3டி பிரிண்டர் இருக்கும். அடிப்பகுதியை மட்டும் 3 மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டிக்கில் அடித்து, மிஷினில் வைத்து போல்ட் ஓட்டைகள் பொருந்துகிறதா என்று பாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு ஓட்டை 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. பிளாஸ்டிக்கோடு போயிற்று.

அப்புறம் கேம் ப்ரோக்ராம், அதாவது மிஷின் எப்படி வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதுவது. திரையில் சிமுலேஷன் அழகாக ஓடும். ஜாப்பை, அதாவது வெட்டப்படும் பாகத்தை, பிடித்திருக்கும் வைஸின் தாடையோ கிளாம்போ அதற்குத் தெரியாது, நீங்கள் வரைந்து கொடுத்தால் ஒழிய. அதனால் ஜாப்புக்கு மேலே டூலை உயர்த்தி, வெட்டாமல் ஒரு டிரை ரன், பிறகு ஒவ்வொரு வரியாக ஓடும் சிங்கிள் பிளாக்கில் முதல் வெட்டு, கை டூல் நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பட்டன் மேலே. ஆபரேட்டர் அண்ணன் பக்கத்தில் இல்லாமல் ஸ்டார்ட்டைத் தொடக் கூடாது. சேஃப்டி ஷூ போடுங்கள், முடியைக் கட்டுங்கள், துப்பட்டாவும் கை வளையமும் வாசலிலேயே நிற்கட்டும்.

இனி நான் தவறவிட்டதைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசி, வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். ரஃபிங் என்னும் முரட்டு வெட்டு முடித்த சூடு ஆறுவதற்குள் கடைசி ஃபினிஷ் வெட்டும் ஓட்டி, துளை அளக்கும் போர் கேஜ் வைத்தோம். 100.02. எல்லாருக்கும் சந்தோஷம். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். மறுநாள் காலையில் அதே கேஜில் 99.99. எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான், அதாவது 0.012 மில்லிமீட்டர், விரியும். 100 மில்லிமீட்டருக்கு 25 டிகிரி வித்தியாசம் என்றால் 0.03. கணக்கு அப்படியே பொருந்தியது. அளவீட்டுக்கு உலகம் முழுக்க 20 டிகிரிதான் அடிப்படை. நம் ஊர்ப் பட்டறையில் அது கிடைக்காது. ஜாப்பும் கேஜும் ஒரே இடத்தில் ஒரு ராத்திரி கிடந்து ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளந்தால், எஃகுக்கு எஃகு சரியாக இருக்கும். துளை குறைவாக இருந்ததால் பிழைத்தோம். டயல் கேஜ் வைத்து மறுபடி மையம் பிடித்து, மெல்லிய வெட்டு ஒன்று போட்டோம். கூடிப்போயிருந்தால் கட்டையே வீண்.

ரிப்போர்ட்டில் அந்த 99.99-ஐயும் எழுதச் சொன்னேன். தயங்கினார்கள். எழுதுங்கள். என்ன அளந்தீர்கள், எத்தனை மணிக்கு, எந்தக் கேஜில் என்று தினம் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் ரிப்போர்ட் பாதி முடிந்தது. ஜாப்பை மிஷினில் பிடித்து நிறுத்தும் செட்டிங்குக்கு எவ்வளவு நேரம், வெட்டுக்கு எவ்வளவு நேரம் என்றும் பிரித்து எழுதுங்கள். ஒரே ஒரு பீஸ் செய்யும்போது செட்டிங்தான் விலையைத் தின்னும்.

மாட்டிக் கொடுத்ததோடு வந்துவிடாதீர்கள். பழைய பேரிங் ஏன் போனது? ஆயில் சீல் கிழிந்து சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, கிரீஸ் வெள்ளையாகக் குழம்பியிருந்தது. புது ஹவுசிங்கில் சீலுக்கு இன்னொரு வரிசை பிள்ளைகளே சேர்த்தார்கள். பத்து நாள் கழித்து டேனரிக்குப் போய், மிஷின் நின்ற பிறகு ஹவுசிங்கில் கை வைத்துப் பாருங்கள். கை தாங்குகிற சூடுதானா? சீலைச் சுற்றி வெள்ளைக் கசிவு இருக்கிறதா? இருந்தால் கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள், மறுபடி பார்க்கலாம்.