ஐ.எம்.எஃப். ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

மஞ்சக்குப்பத்தில் நான் எடுக்கும் குரூப் 1 வகுப்பில், ‘ஐ.எம்.எஃப். சொன்னதற்கெல்லாம் இலங்கை தலையாட்டியதா, பேரம் பேசியதா சார்?’ என்று யாராவது கேட்டுவிடுவார்கள். 2022இல் கஜானா காலியான இலங்கை, ஐ.எம்.எஃப். எனும் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்கப் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றிய கேள்வி இது. செய்தித்தாளை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒப்பந்த ஆவணம் ஐ.எம்.எஃப். இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள். (நம் கடலூரில் மின்கம்பியைப் பூமிக்கடியில் பதிக்க வந்த உலக வங்கிக் கடன் வேறு வகை. அது ஒரு வேலைக்கான கடன். இது கொள்கையை மாற்றச் சொல்லி, அந்த நிபந்தனையோடு தரும் கடன்.)

முதலில் இரண்டு தேதிகளைக் குறியுங்கள்: அதிகாரிகள் மட்டத்தில் உடன்பாடு வந்த நாள், ஐ.எம்.எஃப். நிர்வாகக் குழு ஒப்புதல் தந்த நாள். இலங்கைக்கு 2022 செப்டம்பர் 1, 2023 மார்ச் 20. கடன் சுமார் 300 கோடி டாலர். நடுவில் ஆறரை மாதம் ஏன்? ஏற்கெனவே இலங்கைக்குக் கடன் கொடுத்த நாடுகள், அந்தக் கடனில் விட்டுக்கொடுப்பதாக உறுதி தர வேண்டியிருந்தது. இந்தியா ஜனவரியில் தந்தது, சீனா மார்ச் வரை இழுத்தது. ஒப்புதலுக்கு முன்பே, பிப்ரவரியில், இலங்கை மின்கட்டணத்தையும் ஏற்ற வேண்டிவந்தது. கஜானா காலியாகக் கிடக்கும் இந்தக் காலத்தில்தான் ஒரு நாட்டின் பேரம் பேசும் பலம் மிகக் குறைவு.

அப்புறம், ‘இவற்றைச் செய்வோம்’ என்று அரசே எழுதிய பாணியில் ஒரு கடிதம் இருக்கும். நிதியமைச்சர் தனியாக உட்கார்ந்து எழுதியதாக நம்பிவிடாதீர்கள், இரு தரப்பும் பேசி முடித்த வாசகம் அது. அதைத் தாண்டிக் கடைசியில் உள்ள அட்டவணைகளுக்குப் போங்கள். எட்ட வேண்டிய தொகைகள் ஒன்றில், கெடு வைத்த சீர்திருத்தங்கள் இன்னொன்றில்.

தொகையில் நாடுகளால் அதிகம் அசைக்க முடிவதில்லை. வட்டிச் செலவு நீங்கலாக, அரசின் வரவு செலவைவிட 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீத அளவுக்கு அதிகமாக இருக்க வேண்டும் என்பது இலங்கையின் இலக்கு. 2024இல் ஆட்சி மாறியும் அது மாறவில்லை. மாறியது, பணத்தை யாரிடம் வசூலிப்பது என்பதுதான். பழைய அரசு அந்த ஜனவரியில் வாட் வரியை 15இலிருந்து 18 சதவீதமாக்கி எல்லார் தலையிலும் கட்டியிருந்தது. புதிய அரசு பேசி, வருமான வரி இல்லாத மாதச் சம்பளத்தை 1 லட்சம் இலங்கை ரூபாயிலிருந்து 1.5 லட்சமாக்கியது. 2025 பிப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டு வரி வசூலித்தது. இலங்கை பேசிய பேரம் இதுதான் என்பேன்.

கடைசி வேலை: முதல் ஆவணத்தின் அட்டவணையையும், ஒப்பந்தம் எப்படிப் போகிறது என்று ஐ.எம்.எஃப். அவ்வப்போது பார்க்கும் மறுஆய்வுகளின் அட்டவணைகளையும் அச்செடுத்துப் பக்கம் பக்கமாக வையுங்கள். கெடு தள்ளிப்போன சீர்திருத்தத்தைச் சிவப்பிலும், சத்தமில்லாமல் காணாமல்போன சீர்திருத்தத்தைப் பச்சையிலும் வட்டமிடுங்கள். பேரம் நடந்திருக்கக்கூடிய இடங்கள் அவைதான்.