மரண மொக்கைப் படத்தைப் பற்றி உருப்படியாகப் பேசுவது எப்படி?

"நீ பார்த்ததிலேயே மகா மட்டமான படம் எது?" என்று யாராவது ஒருத்தர் கேட்டால் போதும், ராயபுரம் டீக்கடையோ பெரம்பூர் கேரம் கிளப்போ, அங்கே இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மரண மொக்கை, பிளேடு, கழுத்தறுப்பு, காசு தெண்டம். சரி, எந்த இடத்தில் படம் கையை விட்டுப் போனது என்று திருப்பிக் கேட்டால், "அது அப்படித்தான் மச்சி, விடு" என்று முடித்துவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். நல்ல படத்தை யார் வேண்டுமானாலும் பாராட்டலாம். மட்டமான படத்தை அலசும்போதுதான் ஒரு ஆளின் ரசனை முழுசாக வெளியே வரும். அதனால் இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் படத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பிடிக்காத படம் வேறு, ஏமாற்றிய படம் வேறு, உண்மையிலேயே மட்டமான படம் வேறு. பேய்ப் படமே உங்களுக்கு ஆகாது என்றால் பேய்ப் படத்தை உங்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள். டிரெய்லரைப் பார்த்து நீங்களாக ஒரு கதையைக் கட்டிக்கொண்டு போய், உள்ளே வேறு கதை ஓடியது என்றால் அது பெரும்பாலும் எதிர்பார்ப்பின் கோளாறு. மட்டமான படம் என்றால், அது என்ன செய்யப் போகிறேன் என்று கிளம்பியதோ அதையே செய்யத் தெரியாமல் நிற்க வேண்டும். காமெடிப் படத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை, பழிவாங்கும் கதையில் யார் எதற்காகப் பழிவாங்குகிறார்கள் என்றே புரியவில்லை, இந்த மாதிரி. அப்புறம், முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். மின்சார ரயிலில் நின்றுகொண்டு மொபைலில் ஓட்டி ஓட்டிப் பார்த்த படத்தைக் கழுவி ஊற்ற உங்களுக்கு உரிமை இல்லை. இடைவேளையில் எழுந்து வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எழுந்து வர வைத்தது எது என்பதே நல்ல விமர்சனம்தான்.

படத்தையும் தியேட்டரையும் பிரித்துப் பாருங்கள். தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967-ல் திறந்து 2020-ல் மூடப்பட்டது. அங்கே விசிலோடு பார்த்த படங்களை நினைத்தால் எல்லாமே நல்ல படமாகத் தெரியும், நாம் அங்கே வளர்ந்தவர்கள், அப்படித்தான் தெரியும். ஏசி ஓடாத ஹாலில், ஸ்பீக்கர் கரகரக்கப் பார்த்த நல்ல படமும் மனசில் மட்டமாகவே பதிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு பத்து நிமிடம் திரும்பப் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு சீனைச் சொல்லுங்கள். "ஸ்கிரீன்ப்ளே சரியில்லை" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. அமெரிக்காவில் எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்ற படத்தை உலகத்திலேயே மோசமான படம் என்று 1980-ல் வந்த ஒரு புத்தகம் சொன்னது, அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் ஒட்டியது? அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் குறிப்பாக எதையாவது காட்டுவார்கள். முக்கிய நடிகர் பெலா லுகோசி இறந்துவிட்டதால் வேறு ஒருவரை, முகத்தை அங்கியால் மூடிக்கொண்டு நடமாட விட்டிருப்பார்கள். ஒரே காட்சிக்குள் பகலும் இரவும் மாறி மாறி வரும். இதைக் கேட்ட உடனே படம் பார்க்காதவருக்கும் விஷயம் பிடிபட்டுவிடுகிறது. இந்த அளவுக்கு இறங்கிச் சொல்லுங்கள்.

வடசென்னையைக் காட்டும் படங்களைப் பற்றிப் பேசும்போது இது இன்னும் அவசியம், ஏனென்றால் நம்மில் பலருக்கு மகா மட்டமான படம் என்றால் அது நம் ஏரியாவை வைத்து எடுத்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். பெயர் வேண்டாம், ஒரு படம் டிவியில் ஓடியது. ஹீரோ காசிமேட்டுக்காரன். எங்கள் தெருவில் ஒரு அண்ணன், விசைப்படகில் பல வருஷம் தொழிலுக்குப் போனவர், என் பக்கத்தில் உட்கார்ந்து அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "தம்பி, இஸ்கூலு லீவு வுட்டாச்சு, புள்ளைங்க மாம்பழம் துன்னுது, அப்போ மே மாசம். இவன் இன்னாடான்னா படகை எட்த்துகினு ஆழ்கடலுக்குப் போறான்" என்றார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அந்த நாட்களில் படகைக் கரையில் கட்டி வைத்து என்ஜின் வேலை பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். கையில் காசு புரளாத காலமும் அதுதான், நல்ல இயக்குநர் ஒருவர் அதை வைத்தே ஒரு முழுப் படம் எடுத்திருக்கலாம். அண்ணன் அடுத்ததாக வலையைக் காட்டினார். "புது வலை தம்பி அது. ஒரு முடிச்சுகூட நனையல." அவ்வளவுதான் சொன்னார். அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே சிறந்த விமர்சனம் அந்த ரெண்டு வரிதான்.

அதனால், "நம்மளக் கேவலப்படுத்திட்டான்" என்பதோடு நிறுத்தாதீர்கள். கோபம் நியாயமானது, எனக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. ஆனால் எதில் கேவலப்படுத்தினான் என்று எடுத்து வையுங்கள். வாய்க்கு வாய் 'கஸ்மாலம்' என்று பேசும் இருபது வயசுப் பையனை இன்றைக்கு எந்தத் தெருவில் பார்த்தான்? ஹவுசிங் போர்டு மாடிப்படி என்றாலே கத்தியோடு ஓடுவதற்கு மட்டும்தானா? வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பிள்ளைகள் எங்கே, விடியற்காலையில் மீன் ஏலம் எடுக்கிற அக்காக்கள் எங்கே, பீச் ஸ்டேஷனில் இறங்கி ஆபீஸுக்கு ஓடுகிற கூட்டம் எங்கே? இதைக் கேட்டால் எதிரில் இருப்பவர் மயிலாப்பூர்க்காரராக இருந்தாலும் யோசிப்பார். வெறுமனே கத்தினால், "பார்த்தியா, படத்துல காட்டினது சரிதான்" என்று போய்விடுவார். அதே படத்தில் சரியாக வந்த ஒன்றையும் சொல்லுங்கள், ஒரு கானாப் பாட்டோ ஒரு பாட்டியின் முகமோ. அதைச் சொன்னால்தான் குறை சொல்லும்போது உங்களை நம்புவார்கள்.

அடுத்தது ரசிகர்கள். ஒரு ஹீரோவின் ரசிகனிடம் முதல் நாள் முதல் காட்சி முடிந்த வாசலில் வைத்துப் பேச்சு எடுக்காதீர்கள், ரெண்டு நாள் கழித்துப் பேசுங்கள். பேசும்போது ஆளை விட்டுவிட்டு வேலையைப் பேசுங்கள். "தம்பி, உங்க ஆளு குறை வைக்கல, ஆனா அந்த தங்கச்சி செத்த சீனுக்கு அடுத்த நிமிஷமே குத்துப் பாட்டு வெச்சது யாரு?" என்று கேட்டால் அவனே தலையை ஆட்டுவான். நடிகையின் உடம்பு, நடிகரின் நிறம், யாருடைய சாதி என்று போகவே கூடாது. அது எந்த வகையிலும் சினிமாக் கருத்து ஆகாது. வசூலையும் இழுக்காதீர்கள், நூறு கோடி வந்த மட்டமான படமும் உண்டு, ஊற்றிக்கொண்ட நல்ல படமும் உண்டு.

இந்த ஊற்றிக்கொண்ட நல்ல படம் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்', 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' ரெண்டுமே தியேட்டரில் பெரிதாக எடுபடவில்லை. இன்றைக்கு அவற்றைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். ஆகவே வருஷம் போனால் ஒரு முறை உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒரு படம் அதிலிருந்து வெளியேறினால் தாராளமாக வெளியேற்றுங்கள்.

வாசலில் மைக்கை நீட்டினால் என்ன செய்வது? 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் சங்கம், தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்க வேண்டாம் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. காசு கொடுத்துப் பார்த்தவன் பேசக் கூடாது என்பதை நான் ஏற்கவே மாட்டேன். ஆனால் கேமராவைப் பார்த்ததும் தொண்டை கிழியக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் இப்படித் தடை கேட்பவர்களுக்குச் சாக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒரு டீ குடித்துவிட்டுப் பேசுங்கள், ஒரு சீனைச் சொல்லுங்கள், நகர்ந்துவிடுங்கள்.

நண்பர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அதே படத்துக்கு டிக்கெட் போட்டிருந்தால் கிளைமாக்ஸைச் சொல்லாதீர்கள், யார் சாகிறார்கள் என்பதையும் சொல்லாதீர்கள். படம் எவ்வளவு நீளம், சின்னப் பிள்ளைகள் பயப்படுகிற மாதிரி ரத்தம் இருக்கிறதா, செகண்ட் ஹாஃப் எங்கே இழுக்கிறது, இந்த மூன்றும் அவருக்குப் போதும். திங்கட்கிழமை அவர் வந்து, "நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொன்னால் எந்த சீன் பிடித்தது என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.