ஸ்பா தொடங்கப் போகிறீர்களா? ஆலோசகரை முதலிலேயே கூப்பிடுங்கள்

ஸ்பா திறக்க நினைப்பவர்களில் பலர் இடம் பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, டைல்ஸும் ஒட்டிய பிறகுதான் ஆலோசகரைத் தேடுகிறார்கள். அதற்குள் கையில் இருந்த பணம் பாதி கரைந்திருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அவரைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டிவிடுங்கள்.

நல்ல ஆலோசகர் முதலில் பார்ப்பது அலங்காரத்தை அல்ல, தண்ணீரை. 1,000 லிட்டர் பிடிக்கும் ஜக்குஸி (நீர் பீய்ச்சியடிக்கும் குளியல் தொட்டி) என்றால் தண்ணீர் மட்டுமே 1 டன். மாடித் தளம் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்கச் சொல்வார். போர் தண்ணீர் கடினத்தன்மை உள்ளதா? ஸ்டீம் ஜெனரேட்டரில் சீக்கிரமே உப்பு படியும், கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் கருவி வேண்டும். ஸ்டீம் ரூம் கூரையைச் சரிவாக அமைக்காவிட்டால் ஆவி குளிர்ந்து வாடிக்கையாளர் தலையில்தான் சொட்டும். அப்புறம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய துண்டுகளைத் துவைத்துக் காயவைக்க இடம். இதைப் பலரும் மறந்தே போகிறார்கள்!

உரிமம், ஆட்கள் தேர்வு, பயிற்சி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆலோசகரிடம் சம்பளம் பேசும்போது ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: கருவி விற்பவரிடமிருந்து அவருக்குக் கமிஷன் உண்டா? உண்டென்றால் அவர் சொல்லும் கருவிக்கு இன்னும் இரண்டு இடத்தில் விலை விசாரித்துக்கொள்ளுங்கள்.